வண்டி வராத சரளைப் பாதைகளில் மலைநாட்டுச் சைக்கிள் பயணம்: வழி தேடுவதிலிருந்து இறங்கி வருவது வரை

மலைப்பாங்கான கிராமப்புறத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு இரண்டு பயம். முதுகுக்குப் பின்னால் வரும் லாரி ஒன்று, எதிரே நிற்கும் ஏற்றம் இன்னொன்று. தார்ச்சாலையை விட்டுச் சரளைப் பாதையில் இறங்கினால் முதல் பயம் தீர்ந்துவிடும். இரண்டாவது பயம் கூடவே வரும், சில சமயம் இரட்டிப்பாகவும் வரும். ஏனென்றால் தார்ச்சாலைக்கு ஒரு பொறியாளர் கணக்குப் போட்டிருப்பார். மண் பாதைக்கு யார் போட்டார்கள் என்பதே பல இடங்களில் தெரியாது.

அதனால் வரைபடத்தில் ஒரு கோட்டைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இந்த வழியாக முன்பு எதை ஏற்றிக்கொண்டு போனார்கள்? ரயிலா, மரமா, பீரங்கியா, தண்ணீரா, இல்லை ஆட்டு மந்தை நடந்து போன வழியா? பதில் கிடைத்துவிட்டால், அந்தப் பாதை எவ்வளவு செங்குத்தாக இருக்கும், அடியில் என்ன கல் கிடக்கும், எங்கே திடீரென்று முடிந்துவிடும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

முதல் படி: பாதையின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது

புதிதாகத் தொடங்குகிறவர் கைவிடப்பட்ட ரயில் பாதையிலிருந்து தொடங்கட்டும். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதனால் சாதாரண ரயில் பாதையில் நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் வைப்பது அபூர்வம். மலை குறுக்கே வந்தால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள். அந்தச் செலவெல்லாம் இன்றைக்குச் சைக்கிள்காரருக்கு லாபம்.

அமெரிக்காவின் கிரேட் அலிகேனி பாஸேஜ் நல்ல உதாரணம். பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை சுமார் 240 கி.மீ., முழுப் பாதையும் 2013இல் இணைக்கப்பட்டது. கம்பர்லேண்ட் பக்கமிருந்து ஏறினால் ஏறக்குறைய 38 கி.மீ. தூரத்தில் 540 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அதாவது சராசரியாக 1.4 சதவீத வாட்டம். ஒரு மலைத்தொடரின் நீர்ப்பிரிமேட்டையே கடக்கிறோம், ஆனால் ஒரு இடத்திலும் மூச்சு முட்டாது. விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ராய்-ஸ்பார்ட்டா பாதை இந்த வகைக்கு முன்னோடி. 1967இலேயே சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். அதில் மூன்று சுரங்கங்கள், நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் ரயில் பாதை சுமார் 150 கி.மீ. ஸ்பெயினில் இப்படி மாற்றிய பாதைகளுக்குப் பசுமை வழிகள் என்று பெயர். அவற்றுள் ஆண்டலூசியாவின் வியா வெர்தே தே லா சியர்ரா எனக்கு விசேஷம். 36 கி.மீ.க்குள் 30 சுரங்கங்கள், ஆனால் அந்தத் தடத்தில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. கட்டிவிட்டுக் கைவிட்ட பாதை அது. ரயில் பார்க்காத சுரங்கத்துக்குள் சைக்கிள் போகிறது.

ரயில் பாதைக்கு ஒரு குறையும் உண்டு. முதல் நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் கொட்டாவி. ஏற்றமும் இல்லை, காலை ஓய்வாக வைத்து உருளவிடும் இறக்கமும் இல்லை. நாள் முழுக்க ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்காரும் இடம் வலிப்பது மலை ஏறும்போது அல்ல, இப்படிச் சமதரையில் அசையாமல் மிதிக்கும்போதுதான்.

காட்டுச் சாலைகள் வேறு ரகம். வெட்டிய மரத்தை லாரியில் இறக்கப் போட்டவை. லாரிக்கு வாட்டமாக இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே ஏறும், குறுகிய தூரங்களில் அதைத் தாண்டும். அடியில் கொட்டியிருப்பது பெரிய உடைகல். புதிதாகக் கொட்டிய இடத்தில் முட்டை அளவுக் கற்கள் டயருக்கு அடியில் உருளும். இவற்றில் இன்னொரு பொறி இருக்கிறது: காட்டுச் சாலைகள் மரக்கிளைபோல் பிரியும், ஆனால் ஒன்றோடொன்று சேரா. மரம் வெட்டும் இடம் வந்ததும் சாலை முடிந்துவிடும். அடுத்த பள்ளத்தாக்கின் சாலை இருநூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கும், நடுவே புதர். வரைபடத்தில் இந்த இடைவெளியைக் கவனிக்காமல் போய்ச் சைக்கிளைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீருக்காகப் போட்ட பாதை இன்பமானது. வாய்க்காலை ஒட்டிய பராமரிப்புச் சாலை, நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயின் கரை ஆகியவை மலையின் இடுப்பைச் சுற்றி ஏறக்குறையச் சமமாகவே ஓடும். தண்ணீர் தானாக ஓட வேண்டுமே! ஆனால் மின்நிலையக் கால்வாய்க்கு ஒரு முடிவு உண்டு: அங்கே தண்ணீர் குழாய்க்குள் இறங்கி நேர்க்கீழே பாயும். பாதையும் அதோடு செங்குத்தாக விழும், அல்லது கம்பிவேலியில் முட்டி நின்றுவிடும். இந்த வகைப் பாதையில் கடைசி இரண்டு கிலோமீட்டரை எப்போதும் தனியாகப் பாருங்கள்.

படைகளுக்காகப் போட்ட மலைச்சாலைகள் ஆல்ப்ஸ் பகுதியில் நிறைய. பீரங்கி இழுக்கும் கோவேறு கழுதைக்கு ஏற்ற வாட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும். இத்தாலியின் பியட்மாண்டில் உள்ள அசியேட்டா சாலை கடல்மட்டத்துக்கு 2,400 மீட்டருக்கு மேல் வரை போகிறது. கோடையில் வாரத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அதில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. மற்ற நாட்களில் மோட்டார்சைக்கிள்கள் கிளப்பும் புழுதியைத்தான் குடிக்க வேண்டியிருக்கும். ஆக, வண்டி வராத பாதை என்பது சில ஊர்களில் இடத்தைப் பொறுத்தது, சில ஊர்களில் கிழமையைப் பொறுத்தது.

மந்தை நடந்த வழிகள்தான் கடினம். ஆடு மாடுகளுக்குச் செங்குத்து ஒரு பொருட்டல்ல. நேராக மேட்டில் ஏறி நேராக இறங்கும். ஸ்பெயினில் இந்த வழிகளில் பெரியவற்றுக்கு 75 மீட்டர் அகலம் பழைய காலத்திலேயே வகுத்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பொதுச்சொத்தாகக் காக்கிறது, மோட்டார் இல்லாத பயணத்துக்கும் இடம் தருகிறது. முதல் உரிமை மந்தைக்குத்தான்.

இரண்டாம் படி: போக அனுமதி உண்டா?

வரைபடத்தில் கோடு இருப்பதும் அதில் போக உரிமை இருப்பதும் ஒன்றல்ல. இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். பக்கத்திலேயே ஓடும் நடைபாதையில் அந்த உரிமை இல்லை. எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் 2003ஆம் ஆண்டு நிலச்சட்டம் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு சைக்கிள் ஓட்ட இடம் தருகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பாதை, ஒரே மாதிரிக் கல். சட்டம் மட்டும் வேறு.

உள்ளூர் வன அலுவலகத்தின் அறிவிப்பு, நில அளவை வரைபடம், பாதை தொடங்கும் இடத்தில் நட்டிருக்கும் பலகை ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் போகலாம். பலகை மட்டும் முரண்பட்டால் பலகைக்கே கட்டுப்படுங்கள். மரம் வெட்டும் பருவம், வேட்டைப் பருவம், காட்டுத்தீ அபாயம், பனி என்று பாதையை மூடக் காரணங்கள் பல. மேலே சொன்ன அலிகேனிப் பாதையிலேயே ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவைக் குளிர்காலத்தில் சாத்திவிடுவார்கள். தெரியாமல் போனால் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மூன்றாம் படி: வழியை வரைவது

இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த மேசையில்தான்.

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்த வேலைக்குத் தோதானது, ஏனென்றால் மண் பாதைகளை அது ஐந்து தரமாகப் பிரிக்கிறது. முதல் தரம் தார் போட்டது அல்லது இறுக்கமாகக் கெட்டிக்கப்பட்டது. இரண்டாம் தரம் சரளையும் மணலும் கலந்த கெட்டித் தரை. சரளைச் சைக்கிளுக்கு இதுதான் வீடு. மூன்றாம் தரத்தில் கெட்டியும் மெதுவும் பாதிப்பாதி. காய்ந்த நாளில் நன்றாக இருக்கும். நான்கும் ஐந்தும் பெரும்பாலும் மண், புல். மழைக்குப் பிறகு அவற்றை வழியில் சேர்த்தால் சேறு டயருக்கும் சைக்கிளின் சட்டத்துக்கும் நடுவில் அப்பி, சக்கரமே சுற்றாது. இந்தத் தரத்தைப் பதிந்தவர் உங்களைப் போன்ற ஒரு தன்னார்வலர்தான். எந்த வருடம், எந்தப் பருவத்தில் பார்த்தாரோ! அதனால் செயற்கைக்கோள் படத்தை அதன்மேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெளிறிய ஒரே பட்டையாகத் தெரிந்தால் கெட்டித்த சரளை. இரண்டு வெளிறிய கோடுகளும் நடுவில் பச்சையும் தெரிந்தால் வண்டி எப்போதாவது போகும் தடம். கோடே தெரியாமல் மரநிழல் மட்டும் இருந்தால் அங்கே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். முதல் பயணத்தில் அப்படிப்பட்ட துண்டை வைக்காதீர்கள்.

அடுத்து உயரக் கணக்கு. வழி வரையும் செயலிகள் காட்டும் உயரப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அவற்றின் அடிப்படைத் தரவு பெரும்பாலும் முப்பது மீட்டர் அல்லது அதைவிடப் பெரிய கட்டங்களாகத் தரையை அளந்தது. செங்குத்தான மலைச்சரிவில் சமமாக ஓடும் பாதையின் கோடு பத்து மீட்டர் விலகினாலும், செயலி அதை மேலும் கீழுமாகக் குதிக்கவைக்கும். சுரங்கம் வந்தால் வேடிக்கை: நீங்கள் மலைக்கு உள்ளே போகிறீர்கள், செயலியோ மலை உச்சிக்கு ஏற்றி இறக்கிக் கணக்கெழுதும். பாலம் என்றால் பள்ளத்தாக்கின் அடிக்குப் போய்வரச் சொல்லும். ரயில் பாதையில் 18 சதவீத ஏற்றம் என்று காட்டினால் பயப்படாதீர்கள், அது சுரங்கமாக இருக்கும். உண்மையான ஏற்றத்தைச் சமவுயரக் கோடுகளை எண்ணித் தெரிந்துகொள்வதே நிச்சயம்.

நேரத்துக்கு என் கணக்கு இது. சரளையில் மணிக்கு 15 கி.மீ., அதோடு ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்டு. அறுபது கி.மீ. தூரம், ஆயிரம் மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரத்தோடு ஒரு மணி நாற்பது நிமிடம். சிறு நிறுத்தங்களும் அதில் அடங்கும். தார்ச்சாலையில் பழகியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிடும். அறுபது கி.மீ.க்கு ஆயிரம் மீட்டர் என்பதே முதல் முறைக்கு அதிகம். நாற்பதுக்கு நானூறு என்று தொடங்குங்கள்.

சுற்று வழியாகப் போட்டால் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது பெரிய முடிவு. செங்குத்தும் உதிர்கல்லும் சேர்ந்த பகுதி ஏற்றத்தில் வரும்படி வைப்பதே என் வழக்கம். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், போவது மானம் மட்டும். இறக்கத்தில் முடியாவிட்டால் போவது தோள்பட்டை எலும்பு. ஏற்றத்தை நாளின் முதல் பாதியில் முடித்துவிட்டு, கால் ஓய்ந்த பிறகு ரயில் பாதை வழியாகவோ கால்வாய்க் கரை வழியாகவோ திரும்புவது நல்லது.

வரைந்து முடித்ததும் 15, 20 கி.மீ.க்கு ஒரு முறை தார்ச்சாலைக்குத் தப்பிப் போகும் இடங்களைக் குறித்துவையுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்களையும். தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாள் முழுக்க வண்டியே பார்க்காமல் வந்தவருக்கு, வளைவுக்குப் பின்னால் இருக்கும் கடப்பிடத்தில் ஒரு நொடி கவனம் பிசகும். வரைந்த வழியின் கோப்பை (ஃபைலை) ஜிபிஎஸ் கருவியிலும் கைப்பேசியிலும் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கிவையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சைக்கிள்

புதுச் சைக்கிள் வாங்கினால்தான் முடியும் என்றில்லை. பழைய மவுண்டன் பைக் தாராளமாகப் போதும். மாற்ற வேண்டியவை இரண்டே: டயரும் கியரும்.

டயர் அகலம் 40 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். உடைகல் காட்டுச் சாலைக்கு 45, 50 இன்னும் நல்லது. எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 30 முதல் 38 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கலாம், பின்சக்கரத்தில் இரண்டு மூன்று கூட. உள்ளே டியூப் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது டியூப் விளிம்பில் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். காற்றைக் கல்போல ஏற்றினால் வேகம் கூடும் என்பது சரளையில் பொய். கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

கியர் விஷயத்தைக் கணக்காகவே சொல்கிறேன். சைக்கிளும் ஆளுமாக 85 கிலோ. 12 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 7 கி.மீ. வேகம் போக, புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே சுமார் 200 வாட் வேண்டும். பழகாத ஒருவர் அதை அரை மணி நேரம் தாங்குவது கடினம். மிதியோடு சுற்றும் முன்பல்சக்கரத்தில் 36 பல், பின்பல்சக்கரத்தில் 40 பல் என்றால் விகிதம் 0.9, நிமிடத்துக்கு அறுபது மிதியில் வரும் வேகம் ஏறக்குறைய அதே 7 கி.மீ.தான். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் முழங்காலை நசுக்கிக்கொண்டு மிதியின் தாளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். முன்பல் 30, பின்பல் 42 என்றால் விகிதம் 0.71. அதே அறுபது மிதியில் மணிக்கு ஐந்தரை கி.மீ., 155 வாட்டுக்குள் முடிந்துவிடும். கடையில் பளபளக்கும் சைக்கிளின் எடையை விசாரிப்பதற்கு முன் அதன் சிறிய முன்பல்லையும் பெரிய பின்பல்லையும் எண்ணுங்கள்.

பிரேக் டிஸ்க்காக இருந்தால் நல்லது. கிளம்புவதற்கு முன் பிரேக் பேடின் தடிமனைப் பார்த்துவிடுங்கள். ஈரச் சுண்ணாம்புக்கல் தூள் அரைக்கும் பசைபோல அதைத் தின்றுவிடும்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை: ஒரு டியூப், டியூப்லெஸ் டயரின் ஓட்டையை அடைக்கும் புழுபோன்ற ரப்பர் திரி, கிழிந்த டயருக்குள் வைக்க ஒரு கெட்டியான ஒட்டுத் துண்டு, பம்ப், பல வேலைக்கான மடக்குக் கருவி (மல்டி-டூல்), செயின் இணைப்பு, உங்கள் சைக்கிளுக்கே உரிய டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு). கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். கல்லில் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு சட்டத்துக்கும் அது வேறு வடிவம், வழியில் யாரிடமும் இருக்காது. சுரங்கம் உள்ள வழி என்றால் விளக்கு கட்டாயம். பகல் வெளிச்சத்திலிருந்து நுழைந்தவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஐந்தாம் படி: ஓட்டுவது

ஏற்றத்தில் உதிர்கல் இருந்தால் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்தி, சிறிய கியரில் சீராகச் சுற்றுங்கள். தடத்தைத் தேடுவது தனிக் கலை. லாரிச் சக்கரம் அழுத்திய இரண்டு கோடுகளும் கெட்டி. நடுமேட்டில் உதிர்ந்த சரளை குவிந்திருக்கும். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு மாறுவதாக இருந்தால் ஹேண்டிலைத் திருப்பாமல், உடலைத் தளர்த்தி மெல்லச் சாய்ந்து குறுக்கே போங்கள்.

வளைவுக்கு முன்பும் ஏற்றத்திலும் தரை துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாகக் கிடக்கும். வண்டிச் சக்கரங்கள் ஒரு வேகத்துக்கு மேல் துள்ளித் துள்ளி உண்டாக்கிய வரிகள் அவை. பாதையின் ஓரத்தில் வண்டி படாத ஒரு சாண் அகலப் பட்டை இருந்தால் அதில் போகலாம். அங்கே முள்ளும் கூர்க்கல்லும் ஒதுங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறக்கத்தில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் உங்களிடம் சொல்லாமலே கிளம்பிவிடும். இரண்டு மிதியும் சமமட்டத்தில், இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, வளைந்த ஹேண்டில் என்றால் கை அதன் கீழ்ப்பிடியில், கண் பத்து பதினைந்து மீட்டர் முன்னால். டயருக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லுக்கே போவீர்கள். எதிரே வளைவு மறைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். மோட்டார் வண்டிக்குத் தடை என்றாலும் வனத்துறை ஜீப் வரலாம், நடப்பவர் வரலாம், மாடு படுத்திருக்கலாம்.

கால்நடைகளுக்குச் சைக்கிளின் சத்தமின்மைதான் பிரச்சினை. தூரத்திலிருந்தே சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வாருங்கள். மணி அடித்தால் குதிரை மிரளும். பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் புகாதீர்கள், இறங்கி நில்லுங்கள், அது விலகட்டும். கால்நடை தாண்டாமலிருக்கப் பாதையில் பதித்த இரும்புக் கம்பித் தட்டிகளை நேர்க்கோட்டில், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இறங்கிவிடுவதே மேல். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் சாத்தியிருந்ததைச் சாத்தியும் விட்டுப் போங்கள். மூடியிருக்கும் மரலாரிச் சாலைக் குறுக்குத்தடியின் பக்கவாட்டில் நடப்பவருக்கென்று ஓர் இடைவெளி இருக்கும். அங்கே பெடல் இடிக்காதபடி உருட்டிச் செல்லலாம்.

திரும்பி வந்த பிறகு

அன்றைக்கே, சோர்வு போவதற்குள், பதிவான தடத்தைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துவிடுங்கள்: தள்ளிக்கொண்டு போன இடம், தண்ணீர் தீர்ந்த இடம், வரைபடம் பொய் சொன்ன இடம். முதல் இரண்டும் உங்கள் அடுத்த பயணத்துக்கு. மூன்றாவதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே திருத்தலாம், ஒரு கணக்கு தொடங்கினால் போதும். நான்காம் தரப் புல்தடத்தை யாரோ இரண்டாம் தரம் என்று போட்டிருந்தால், பார்த்துவந்த நீங்கள் மாற்றுங்கள். பூட்டிய கதவு இருந்தால் அதன் இடத்தைக் குறியுங்கள். பிறகு செயினைத் துடைத்து, டயரைச் சுற்றிப் பார்த்து, குத்திக்கொண்டிருக்கும் சிறு கற்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இன்று உள்ளே போகாத கல், அடுத்த முறை கிளம்பிய பத்தாவது கிலோமீட்டரில் உள்ளே போகும்.